ஜெனிற்றா விட்டுவைத்த அரைப்பக்கம்

புதன்கிழமை காலை, வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. குருநகரிலிருந்து ஜெனிற்றாவின் தகப்பன். "சேர், பிள்ளை எங்களை விட்டிட்டுப் போட்டாள்" என்றார். டெங்குக் காய்ச்சல். ஐந்தே நாள். அவளுக்குப் பதினைந்து வயது. அதற்குப் பிறகு வகுப்பில் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

அவளோடு நல்லூரில் என் வகுப்பில் இருந்த பிள்ளைகளே, உங்களுக்குத் தெரியும். பதினாறு வயதில் எழுதும் சாதாரணதரச் சோதனையையே எழுதாதவள் உயர்தரப் பௌதிக ரியூசனுக்கு வந்து கடைசி வரிசை வாங்கில் இருந்தபோது நீங்கள் சிரித்தீர்கள். நானும்தான். "தங்கச்சி, வகுப்பு மாறி வந்திட்டீரோ?" என்றேன். "இல்லை சேர். தொகையீடு படிச்சு முடிச்சிட்டன். அதை வைச்சு என்ன செய்யலாம் எண்டு பாக்க வந்தனான்" என்றாள். இரண்டே மாதத்தில் நீங்கள் அவளிடம் கணக்குக் கேட்கத் தொடங்கினீர்கள்.

வீட்டில் ஒரே கைபேசி. அதைத் தகப்பன் கடலுக்குக் கொண்டுபோய்விடுவார். அவர் கரையில் நிற்கும் நாட்களில்தான் அவளால் பல்கலைக்கழக விரிவுரைகளைப் பார்க்க முடியும். "காத்து பலமா அடிச்சால் எனக்குப் படிப்பு, சேர். அப்பாதான் பாவம்" என்பாள்.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் கொப்பியோடு வந்தாள். "சேர், எறிஞ்ச கல்லு போகக்கூடிய எல்லா வழிக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பாத்தன். அது உண்மையாப் போற வழிக்குத்தான் விடை ஆகக் குறைவா வருது. கல்லுக்கு அது முதலே எப்பிடித் தெரியும்?"

இருபது வருடமாகப் பௌதிகம் படிப்பிக்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாயும் வரவில்லை. "உது சோதனைக்கு வராது, பிள்ளை. முதல்லை சோதனை முடியட்டும், பிறகு கதைப்பம்" என்றேன்.

"ஓம் சேர்" என்றாள். அவள் முகம் கோணவில்லை.

செத்தவீட்டில் தாய் அந்தக் கொப்பியைத் தந்தார். "உங்கடை பேர் கிடக்குது, சேர்." நடுவில் சில பக்கங்களைச் சேர்த்துப் பின் அடித்து, மேலே என் பேரையும் போட்டு 'சோதனைக்குப் பிறகு' என்று எழுதியிருந்தாள். என் சொல்லைக் கேட்டிருக்கிறாள். பின்னைக் கழற்றினேன். வெட்டுத்திருத்தம் இல்லாத நாலு பக்கக் கணிதம். முடிவில் அதே கேள்வி. அதன் கீழே 'சேரின்ரை பதில்' என்று எழுதி, அரைப்பக்கம் வெறுமையாக விட்டிருந்தாள். அத்தனை சனத்துக்கும் முன்னால் வாய்விட்டு அழுதேன்.

அவள் எழுதவிருந்த சாதாரணதரச் சோதனை அடுத்த மாதம். அந்தக் கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. அவளுடைய வரிகளைப் பார்த்து அந்தக் கணிதத்தை முதலிலிருந்து படிக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடுகிறது. ஆனால் அந்த அரைப்பக்கத்தில் விடையை எழுத மனம் வரவில்லை. அன்று சொல்லியிருக்க வேண்டியதை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்: "எனக்குத் தெரியாது, பிள்ளை. வாரும், சேர்ந்து பாப்பம்."