கல் உருட்டிய எமிலியானா

கபுவாஸ் ஆற்றங்கரையில் தாமியானுஸ் போட்டிருந்த கொட்டகையில் எமிலியானாவுக்கு ஒரே வேலைதான். முள்ளம்பன்றியின் இரைப்பையைக் கிழித்து, உள்ளே கல் இருக்கிறதா என்று விரலால் துழாவிப் பார்க்க வேண்டும். செரிக்காத நார் எப்போதாவது உருண்டு கெட்டியாகிவிடும். அந்தக் கல்லைக் கரைத்துக் குடித்தால் தீராத நோயும் தீரும் என்று நகரத்து ஆட்கள் வந்து காத்திருப்பார்கள். ஆறு வருஷத்தில் அவள் கையில் அகப்பட்டவை மூன்றே கல். கிழித்தவற்றுக்குக் கணக்கில்லை.

முதல் நாளிலிருந்தே அவளுக்குக் குமட்டல்தான். முள்ளம்பன்றிகள் சுருக்குக் கம்பியில் மூன்று நாள் கிடந்து புழுத்த காலோடு வரும். பெட்டையென்றால் சிலசமயம் வயிற்றில் குட்டி இருக்கும்; பெரும்பாலும் ஒன்றே ஒன்று, முள் இன்னும் மயிர்போல மெத்தென்று. அதையும் குடலோடு வாளியில் போட வேண்டும். எலுமிச்சை தேய்த்தாலும் நாற்றம் விரலை விட்டுப் போகாது. சோற்றைக் கரண்டியால் தின்னப் பழகிக்கொண்டாள்.

ஒரு நாள் காலை பக்கத்து வீட்டு லிபெர்த்தா வந்தாள். அவள் புருஷனுக்கு ஈரல் வீங்கியிருந்தது. கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்து ஒரு கல் வாங்கிப் போனாள். எமிலியானாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த வருஷம் கல்லே அகப்படவில்லையே, இது எங்கிருந்து வந்தது?

பின்கட்டுக்குப் போனாள். தாமியானுஸ் இரைப்பைச் சக்கையோடு மரத்தூளும் பசையும் பிசைந்து உருட்டிக்கொண்டிருந்தான். அடுப்போரத் தட்டில் ஏழெட்டு உருண்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

“இதத்தான் லிபெர்த்தாகிட்ட குடுத்தியா?”

“நம்பிக் குடிச்சா கேக்கும்க்கா.”

“நீயே உருட்டறன்னா, எதுக்குடா இத்தனையக் கொல்றோம்?”

“கிழிக்கறதக் கண்ணால பாத்தாத்தானே கல்ல நம்புவாங்க? பின்ன உன்ன எதுக்கு ஜன்னலோரமா உக்கார வச்சிருக்கேன்?”

அவனைவிடத் தன் கைகளைப் பார்க்கத்தான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

லிபெர்த்தா வீட்டுக்கு ஓடினாள். பாதிக் கல் அதற்குள் அவள் புருஷன் வயிற்றுக்குள் போயிருந்தது.

“குடுக்காதடி. அது மரத்தூளு.”

“ஆறு வருஷமா அங்கதானே குந்தியிருக்க? இத்தன நாளும் வாயில என்ன வச்சிருந்த?”



மறுநாள் எமிலியானா கொட்டகையில் வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தாள். நகரத்து ஆட்கள் நால்வர் காத்திருந்தார்கள். தாமியானுஸ் தடுக்குமுன் பின்கட்டிலிருந்து தட்டையும் தூளையும் பசையையும் கொண்டுவந்து வைத்து, அவர்கள் கண்ணெதிரே சக்கையும் தூளும் பிசைந்து ஒரு கல் உருட்டினாள். மூவர் எழுந்து படகுக்குப் போய்விட்டார்கள். நான்காமவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “சரிம்மா, நெசக் கல்லு எங்க கெடைக்கும்?” என்றார். கையிலிருந்ததை அவர் மடியில் எறிந்துவிட்டு வெளியே வந்தாள்.

தன் ரப்பர் தோட்டத்தில் புருஷன் லோரென்சியுஸ் கட்டியிருந்த சுருக்குகளை அன்றே அறுத்துப்போட்டாள்.

“கறிக்கு என்ன பண்றதாம்?” என்று அவன் கத்தினான்.

“ஆத்துல மீனிருக்கு. போய்ப் பிடி.”

லிபெர்த்தாவின் புருஷன் இரண்டே மாதத்தில் போய்விட்டான். தாமியானுஸ் கொட்டகையைப் பிரித்துக் கீழாற்றில் கட்டிக்கொண்டான். அடுத்த காய்ப்பில் காட்டுமரத்தடியில் விழுந்த கொட்டைகள் கடிபடாமல் குவிந்து அழுகின. கொறிக்கவும் வளைக்குத் தூக்கிப் போகவும் முள்ளம்பன்றி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மூன்றாம் வருஷம் தோட்டத்து மேட்டில் ஒரு வளை வாயில் புதுமண் தள்ளியிருந்தது. எமிலியானா சுற்றுமுற்றும் பார்த்தாள். லோரென்சியுஸ் கண்ணில் படுமுன் அந்த மண்ணைக் காலால் கலைத்து, மேலே சருகைப் பரப்பினாள்.