கேட்டடிக் கனகலட்சுமி

கேட் ரூமில் போன் மணி அடித்தால் கனகலட்சுமி அடுப்பைத் தூண்டிவிடுவாள். ஸ்டேஷனிலிருந்து வண்டி புறப்படப் போகிறது என்று இம்மானுவேலுக்குச் சொல்கிற மணி அது. அவர் போனை எடுத்து, கேட்டதைத் திருப்பிச் சொல்லி, எழுதிவைத்துவிட்டு, வெளியே வந்து கேட்டை இறக்குவதற்குள் இங்கே எண்ணெய் காய்ந்து பருப்பு வடை சிவக்க ஆரம்பித்திருக்கும். முதல் பஸ் வந்து முக்கி நிற்கும்போது தட்டு ஜன்னலுக்கு நேராக நிற்கும். ரயில் நேரம் தப்பி வருகிற நாள் உண்டு. வடை அப்படியில்லை.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், பஞ்சு மில்களுக்குப் பின்பக்கமாகப் போகிற சாலையில் இருக்கிறது அந்த ரயில்வே கேட். அதற்கு ஒரு நம்பர் உண்டு. நம்பரெல்லாம் ஜனங்கள் வாயில் நிற்குமா? ‘வடை கேட்’ என்றுதான் சொல்வார்கள். சுந்தரபாண்டியத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த புதிதில் ஒரு கூடை வெள்ளரிக்காயோடு தண்டவாளத்தோரம் வந்து உட்கார்ந்தவள் கனகலட்சுமி. இன்றைக்குத் தகரக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, அவித்த கடலை, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்று, இஞ்சி டீ. ஊருக்குள் மாடி வீடு, வாசல்படியில் வழுக்கிவிடும்படி கிரானைட். அத்தனையும் மற்றவர்கள் நின்றுகொண்டிருந்த நேரத்தில் கட்டியது.

நிற்கிறவனைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு அவன் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. கேட் விழுந்ததும் எவனும் வாங்கமாட்டான். இதோ வந்துவிடும் என்று தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அவனிடம் போய் வடை என்றால் எரிந்து விழுவான். “இஞ்சின அணைக்கட்டும். அணைச்சிட்டான்னா அவன் நம்ம ஆளு” என்பாள் மருமகள் மாரிசெல்வியிடம். கார்க்காரன் கண்ணாடியை இறக்கமாட்டான், ஆனால் பின்சீட்டில் இருக்கிற பிள்ளை இறக்கிவிடும் என்பது அடுத்த பாடம். ரயில் போய்க் கேட் ஏறும்போது பாதி வடை பஸ் ஜன்னலுக்குள்ளும் பாதி மாரிசெல்வி கையிலுமாக ஒரு ஓட்டம் நடக்கும். பார்க்க வேண்டும் அதை.

புருஷன் ஐயாதுரை எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்பார். உலகத்துக்கு அவர் முதுகைத்தான் தெரியும். பேசுகிற வேலையைக் கல்யாணத்தன்றே பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டார். திரும்பக் கேட்டதில்லை, அவளும் தந்ததில்லை.

கேட்கீப்பர் இம்மானுவேலோடு மட்டும் அவளுக்கு ஆகாது. பட்டாளத்திலிருந்து வந்த மனுஷர். வீட்டிலிருந்து டிபன் கொண்டுவந்து தின்றுவிட்டு, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறவர். சுடச்சுட நாலு வடையை வாழை இலையில் வைத்து நீட்டிப் பார்த்தாள். டூட்டியில் தின்பதில்லை என்றார். டூட்டி முடிந்ததும் நீட்டினாள். வயிறு சரியில்லை என்றார். அவள் அப்படி என்ன கேட்டுவிட்டாள்? ரயில் போன பிறகு கேட்டைச் செத்த நேரம் பொறுத்து ஏற்றினால் என்ன என்றுதானே? அந்த ஆளோ கடைசிப் பெட்டி தாண்டியதும் விறுவிறுவென்று கைப்பிடியைச் சுற்றிக் கேட்டை ஏற்றிவிடுவார். “பட்டாளத்துல இவரு சுட்ட லட்சணம் தெரியாது. கேட்டத் தூக்குறதுல மட்டும் எம்புட்டு அவசரம்!” என்று அடுப்பிடம் சொல்லிக்கொள்வாள்.

கேட் எந்நேரமும் மூடியே கிடக்க வேண்டும் என்பது அவள் ஆசை என்று நினைத்தால் அவளைக் குறைத்து எடை போடுகிறீர்கள். “தெறந்தே கெடந்தா எவன் நிப்பான்? மூடியே கெடந்தா எவன் வருவான்?” என்று ஒருநாள் மாவு பிசைந்துகொண்டே மருமகளிடம் கேட்டாள். பெரிய படிப்புப் படித்தவர்கள் கணக்குப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்கிற விஷயத்தை மாவுக் கையோடு முடித்துவிட்டாள். கேட் மூட வேண்டும், பிறகு திறக்க வேண்டும், மறுபடி மூட வேண்டும். இந்த நாட்டில் ஒழுங்காக நடக்க வேண்டிய ஒரே காரியம் அவளுக்கு அதுதான்.

ஆனால் இதை வெளியில் சொல்லிவிடுவாளா என்ன? வெளியில் அவள் ஊருக்காக உழைக்கிறவள். முன்பொரு தடவை, கேட்டை எடுத்துவிட்டு அடியில் சுரங்கப்பாதை போட வேண்டும் என்று இளவட்டங்கள் நாலுபேர் கிளம்பினார்கள். கனகலட்சுமி டீயை ஆற்றிக்கொண்டே, மழை பெய்தால் அதில் இடுப்பளவு தண்ணீர் நிற்குமே, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நீந்தியா போகும் என்று கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். வேறு ஊரில் அப்படி நிற்கவும் செய்கிறது. இளவட்டங்கள் டீயைக் குடித்துவிட்டுக் கலைந்தார்கள். மேம்பாலம் என்று இன்னொருவர் ஆரம்பித்தபோது, வயசானவர்கள் அவ்வளவு உயரம் சைக்கிளை எப்படி மிதிப்பார்கள் என்று கண் கலங்கினாள். அவள் கண்ணீரைத் துடைப்பதற்காகவே ஜனங்கள் மேம்பாலத்தைக் கைவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் ஊருக்குத் தலைவி மாதிரி. வார்டு மெம்பர் பாண்டிச்செல்வமே “அக்கா என்ன சொல்றாவ?” என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த காலை எடுத்துவைப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் ஒருநாள் கேட் ரூம் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ராத்திரியில் இந்தச் சாலையில் கேட்டைத் தாண்டுகிற வண்டி குறைவு, அதற்காக ஆள் போட்டுச் சம்பளம் கொடுப்பது வீண் செலவு, ஆகவே இருட்டியதிலிருந்து விடிகிறவரை கேட் பூட்டியே இருக்கும், போக வேண்டியவர்கள் மெயின்ரோட்டைச் சுற்றிப் போகலாம் என்று விஷயம். பாண்டிச்செல்வம் வாசித்துக் காட்டினார். கனகலட்சுமி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். காரணம் இருக்கிறது. அவள் கடையின் உயிர்நாடியே மில் வேன்கள்தான். ஷிப்ட் முடிந்து பசியோடு வருகிற பிள்ளைகளும், விடியுமுன்னே தூக்கக் கலக்கத்தோடு வேலைக்குப் போகிற பிள்ளைகளும் அந்த கேட்டில் நின்றால் ஒரு தட்டு மிஞ்சாது. பகல் வியாபாரம் வீட்டுச் செலவுக்கு. கிரானைட் போட்டது ராத்திரி வியாபாரம்.

அன்று சாயங்காலமே கொட்டகையில் கூட்டம் கூட்டிவிட்டாள். பிரசவ வலியெடுத்தவள் மெயின்ரோட்டைச் சுற்றிப் போகிற வரைக்கும் பிள்ளை பொறுத்துக்கொண்டிருக்குமா? நெஞ்சுவலிக்காரன் கதி? பரீட்சைக்குப் போகிற பிள்ளை? விடியக்காலையில் வில்லிபுத்தூருக்குப் பால் கொண்டுபோகிறவன் பால் திரிந்து போனால் பால்கோவாவுக்கு எங்கே போவது? பசுமாட்டில் ஆரம்பித்து ஆண்டாள் கோவில் பிரசாதம் வரை எல்லாவற்றையும் இழுத்துவந்து நிறுத்தினாள். வடை என்ற வார்த்தை மட்டும் மறந்தும் வாயில் வரவில்லை. கேட்டவர்களில் ரெண்டு பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

மனு போனது. அதைப் பார்த்துவிட்டு சிவரஞ்சனி என்ற ரயில்வே இன்ஜினியர் நேரில் வந்தார். சின்ன வயசு, அதிர்ந்து பேசாத பெண். ஒரு வாரம் ஆள் உட்காரவைத்து ராத்திரி பகலாக வண்டிகளை எண்ணப் போகிறோம், போக்குவரத்து நிஜமாகவே அதிகமென்றால் முடிவை மாற்றுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். வடை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். இந்த உத்தியோகத்துக்காரர்களுக்கெல்லாம் வயிறு என்ன தகரமா என்று கனகலட்சுமிக்கு ஆத்திரம். ஆனால் ஆத்திரப்பட நேரமில்லை. வண்டியைத்தானே எண்ணப் போகிறாய்? எண்ணு.

அந்த வாரம் நடந்த கூத்தை இப்போது சொன்னாலும் அந்தப் பக்கத்து ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கேட்டைத் தாண்டுகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வடை இலவசம் என்று கனகலட்சுமி அறிவித்துவிட்டாள். பிறகென்ன? பாண்டிச்செல்வத்தின் டிராக்டர் காலி டிப்பரோடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பியது. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற வயலுக்குப் போகிறவன் பைக்கில் கேட்டைத் தாண்டிச் சுற்றிப் போனான். பல்லு விளக்க அந்தப் பக்கம், வாய் கொப்பளிக்க இந்தப் பக்கம் என்று திரிந்தவர்கள் உண்டு. அய்யனார் கோவிலுக்குப் பொங்கல் வைக்கக் கிளம்பிய ஒரு குடும்பத்து வேன், மலைப்பக்கம் போக வேண்டியதை விட்டுவிட்டு இங்கே வந்து நாலு நடை அடித்துவிட்டு, வடைப் பொட்டலத்தோடு சாமி கும்பிடப் போனது. விசைத்தறிக்காரர் ஒருவர் ஓடாமல் கிடந்த மினிலாரியைத் தள்ளிக்கொண்டு வந்தார். தள்ளினாலும் வண்டி வண்டிதானே என்றார். எண்ண வந்தவர்கள் கை ஓய்ந்துபோனார்கள். இம்மானுவேல் கேட்டை இறக்கவிடாமல் நுழைகிற வண்டிகளை விரட்டி விரட்டி, சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ள, முதல்முறையாகக் கடைப்பக்கம் வந்து ஒரு டீ கேட்டார். கனகலட்சுமிக்கு அதுவே பாதி வெற்றி.

ஐயாதுரை வடை சுட்டுச் சுட்டு கண் சிவந்துபோய், எதற்கு இத்தனை என்று ஒரு வார்த்தை கேட்டார். அவர் கேட்டதே பெரிய விஷயம். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “போட்டாத்தான் எடுக்க முடியும். நீரு வாய மூடிக்கிட்டுச் சட்டியப் பாரும்” என்றாள்.

அவள் சொன்னது பலித்தது. ஒன்றிரண்டு மாதம் கழித்து சிவரஞ்சனி ஜீப்பில் வந்து இறங்கினார். கூட வந்த ஆட்கள் கையில் டேப்பும் முளைக்குச்சியும் சுண்ணாம்புச் சட்டியும் இருந்தன. ஊர் திரண்டுவிட்டது. ராத்திரிப் பூட்டு ரத்து என்று அவர் சொன்னதும் விசில் பறந்தது. கனகலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லாம் ஜனங்களின் ஒற்றுமை என்று பணிவாகச் சொல்லவும் வாயெடுத்தாள்.

சிவரஞ்சனி இன்னும் முடிக்கவில்லை. இவ்வளவு போக்குவரத்து இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது, இத்தனை வண்டிகளைக் கேட்டில் நிறுத்திவைப்பது ஆபத்து, அதனால் கேட்டையே எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை போட மேலிடத்தில் ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள் என்றார். “இனிமே நீங்க யாருமே ஒரு நிமிஷம்கூட நிக்க வேண்டியதில்லம்மா. ராத்திரி பகல் எந்நேரமும் நேரா போய்க்கிட்டே இருக்கலாம்.”

ஜனங்களின் ஒற்றுமையைக் கனகலட்சுமி பாதியிலேயே விழுங்கிக்கொண்டாள். ஆனாலும் லேசில் விடுகிறவளா? தண்ணீர் நிற்குமே என்றாள். மேலே கூரை, உள்ளே மோட்டார் என்று பதில் வந்தது. பிள்ளைகள் என்றாள். நடந்துபோகத் தனி மேடை உண்டு என்றார்கள். வயசானவர்கள் என்றாள். அதற்குள் சுற்றி நின்றவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. அதெல்லாம் பொறவு பார்த்துக்கிடலாம் அக்கா என்று அவள் வடையைத் தின்றே வளர்ந்த ஒருவன் அவளை அடக்கினான். பிரசவக்காரி, நெஞ்சுவலிக்காரன், பரீட்சைப் பிள்ளை, பால்காரன், நேற்றுவரை அவள் யாருக்காகவெல்லாம் அழுதாளோ அத்தனை பேருக்கும் இந்தச் சுரங்கப்பாதை நல்லதுதான். கெடுதல் ஒரே ஒரு ஆளுக்கு. அந்த ஆளைப் பற்றி அவள் எந்த மேடையிலும் பேசியதில்லை. இப்போது திடீரென்று எப்படி ஆரம்பிப்பாள்? கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. கொஞ்சம்தான்.

பாண்டிச்செல்வம் எங்கிருந்தோ ஒரு பொன்னாடை வரவழைத்துவிட்டார். அக்கா மட்டும் இல்லையென்றால் இந்தப் பாதை நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் வந்திருக்காது என்று பேசி, அவள் தோளில் போர்த்திவிட்டார். போனில் படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள். இம்மானுவேல் வந்து கும்பிட்டுவிட்டு, தன்னை வேறு கேட்டுக்கு மாற்றுவார்கள் என்று சொன்னார். எந்த கேட், அங்கே கடை இருக்கிறதா என்று அவள் சன்னமாகக் கேட்டாள். மெயின்ரோட்டு கேட், கடைகள் ஏகப்பட்டது என்றார் அவர்.

ஆட்கள் அளவெடுக்கத் தொடங்கினார்கள். பாதை சரிந்து இறங்குகிற இடம் எது என்று தண்டவாளத்தோரம் ஒருவர் நின்று டேப்பை நீட்ட, மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. இளவட்டம் ஒருவன் கை நீட்டினான். பாண்டிச்செல்வம் தடுத்துவிட்டார்.

“அக்கா கையில குடுங்க. மொதல் அளவு அவிய பிடிக்கதுதான் முறை.”

டேப் பெஞ்சுக்கு மேலாக வந்தது. கடலைச் சட்டியைத் தாண்டியது. இன்னும் பின்னால், இன்னும் பின்னால் என்று தண்டவாளத்தோரத்து ஆள் கையைக் காட்ட, அவள் முனையைப் பிடித்தபடியே பின்வாங்கிப் பின்வாங்கிக் கொட்டகைக்குள் போய் அடுப்பில் முட்டி நின்றாள். யாரும் சொல்லாமலேயே ஐயாதுரை கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியை இடுக்கியால் தூக்கிக்கொண்டு ஓரமாக நகர்ந்தார்.

“தொய்யுதும்மா, இழுத்துப் பிடிங்க” என்று அங்கிருந்து குரல் வந்தது.

கனகலட்சுமி குனிந்து டேப் முனையை அடுப்புத் திட்டில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி, பொன்னாடை சரியச் சரிய, விறைப்பாக இழுத்துப் பிடித்தாள்.