பல் விழுந்த பட்டன் கத்தி

தேங்காயெண்ணெயும் இரும்புத் துருவும் மனிதக் கையின் வியர்வையும் சேர்ந்து மாட்டுக்கொம்புப் பிடிக்குள் ஊறிப்போனால் ஒரு வாசனை வரும். பழைய மடக்குக் கத்திகளோடு பழகியவர்கள் அதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்கள். என் அலமாரியில் இருக்கும் கத்திகளில் ஒன்றில் மட்டும் அந்த வாசனை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் போகவில்லை. அதன் கொக்கி தேய்ந்துவிட்டது. வெயில் ஏறும் மத்தியான வேளைகளில், மூடிய இழுப்பறைக்குள் அது சில சமயம் தானாகவே திறந்துகொள்ளும். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நான் சோற்றில் வைத்த கையை நிறுத்திவிடுவேன். என் மனைவி உயிரோடு இருந்தவரை, "அதையக் கொண்டுபோயி எங்காச்சும் தொலைச்சுப்போட்டு வாங்களேன்" என்பாள். அது யாருடைய கத்தி என்று அவளுக்குத் தெரியும். அது என்னிடம் எப்படி வந்தது என்பதை அவளிடம்கூட நான் சொன்னதில்லை.

பத்துப் பன்னிரண்டு வயதில் எனக்குக் கத்திப் பித்துப் பிடித்தது. அவிநாசித் தேர்க்கடையில் வாங்கிய மீன் வடிவப் பேனாக்கத்தியில் தொடங்கியது அது. தாராபுரம் சந்தையில் ஒருவர் பழைய இரும்புச் சாமான்களைச் சாக்கில் பரப்பி விற்பார். அதில் கிளறிப் பட்டாளத்துக் கத்தி ஒன்றை எடுத்தேன். வெற்றிலைக் காம்பு கிள்ளும் சின்னக் கத்தி, செடிக்கு ஒட்டுக்கட்டும் கத்தி, பிடி உடைந்தது, அலகு உடைந்தது என எல்லாவற்றையும் பனியன் அடுக்கி வரும் அட்டைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். அலகின் அடியில் பொறித்திருக்கும் முத்திரையைப் பென்சிலால் தாளில் தேய்த்தெடுப்பேன். மூடும்போது எழும் சத்தத்தைக் கேட்டே உள்ளே இருக்கும் வில் உள்ளூர் வேலையா, கப்பலில் வந்ததா என்று சொல்லத் தொடங்கியிருந்தேன். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. அம்மா மட்டும், "கத்தியக் கைக்குக் கை மாத்தாத கண்ணு, ஒறவு அத்துப்போயிரும். கீழ வையி, அவுங்களே எடுத்துக்குவாங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்வாள்.

அப்பாவின் பனியன் கம்பெனி திருப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. அங்கே ஒரு வழக்கம் உண்டு: வெட்டு அறைக்குள் நுழையும் ஆட்கள் சட்டையைக் கழற்றி வாசலை ஒட்டிய சுவரில் அவரவர் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் மேசைக்குப் போக வேண்டும். பஞ்சு ஒட்டக்கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பையில் எதுவும் உள்ளே போகவோ வெளியே வரவோ கூடாது என்பது சொல்லப்படாத காரணம். இன்னொரு கட்டளையும் இருந்தது. சலவைக்குப் போய்த் திரும்பி வரும் துணிக்கட்டின் சணல் முடிச்சைக் கையால்தான் அவிழ்க்க வேண்டும், கத்தி வைக்கவே கூடாது. இறுகக் கட்டிய சணல் அறுந்த வேகத்தில் கத்தி துணிக்குள் இறங்கிவிட்டால், மேலிருந்து அடிவரை எத்தனை மடிப்பு இருக்கிறதோ அத்தனையும் பாழ்.

அந்தச் சுவரில் கடைசி ஆணி யேசுவடியானுடையது. உடன்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். எல்லாருக்கும் அவர் 'அண்ணாச்சி.' கப்பலில் வேலை பார்த்த அவருடைய அண்ணன் கொண்டுவந்து கொடுத்த விசைக்கத்தி ஒன்று அவரிடம் இருந்தது. ஜெர்மனியின் ஸோலிங்கன் ஊரில் செய்தது என்று இன்று எனக்குத் தெரியும். அன்று அது 'பட்டன் கத்தி' மட்டும்தான். பித்தளைப் பொத்தானை அழுத்தினால் அலகு பக்கவாட்டில் துள்ளி வரும். பிடியில் ஓர் ஆணி கழன்று, அனுப்பர்பாளையத்துப் பாத்திரக்காரர் ஒருவர் அந்த இடத்தில் பித்தளை ஆணி அடித்துக் கொடுத்திருந்தார். காய்ந்த பனங்கொட்டையைப் பிளக்கப் போய் நுனிக்குச் சற்று முன்னால் வாய் சிறிது பெயர்ந்து ஒரு பல் விழுந்திருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பின்புற வேப்பமரத்தடிக்கு நான் போவேன். அவர் கத்தியைத் துடைத்துக் கல்மேல் வைப்பார், நான் எடுத்துக்கொள்வேன். ஒருநாளும் கையில் கொடுத்ததில்லை.

"என்ன தம்பி, சோறு தின்ன வந்தியளா, கத்தி தின்ன வந்தியளா?" என்பார்.

"எனக்கே குடுத்துருங்க அண்ணாச்சி. எங்கிட்ட இருக்கற ரண்டு கத்தியத் தர்றேன்."

"ரண்டு துருப்புடிச்சதக் குடுத்து ஒரு ராசாவ வாங்கப் பாக்கியளே. மொதலாளி மவன்னு காட்டிட்டிய." மரத்தடியே சிரிக்கும். "வார மாசம் பொஞ்சாதியும் பிள்ளையும் வருதாவ தம்பி. வீடு பாத்தாச்சு. மவளுக்குப் பனங்கிழங்கு உரிச்சுக் குடுக்க எனக்குக் கத்தி வேணும்லா?"

அந்த 'வார மாசம்' வரவே இல்லை.

ஒரு மத்தியானம் அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் மரத்தடிக்குப் போகாமல் வெட்டு அறைக்குப் போனேன். அன்று அவர் எடுத்துப் போகாமல் விட்ட கத்தி, கடைசி ஆணியில் தொங்கிய சட்டைப் பையில் இருந்தது. அவர் எதிரில் இல்லாமல் அதை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் என்பதற்கு மேல் எனக்கு எந்த எண்ணமும் இருக்கவில்லை. திறந்தேன். ஓரத்தில் சலவையிலிருந்து வந்த கட்டு ஒன்று கிடந்தது. இந்தக் கத்தி சணலை எப்படி அறுக்கும் என்று பார்க்கத் தோன்றியது. சணல் அறுந்ததே தெரியவில்லை. அலகு பாதிவரை துணிக்குள் இருந்தது. துணிக்கட்டை, வெட்டு தெரியாதபடி சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். கத்தியைக் கால்சட்டையில் துடைத்து, மடக்கி, பழையபடி பையில் போட்டேன். வீட்டுக்குப் போய் அம்மா போட்ட சோற்றைச் சாப்பிட்டேன்.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். அப்பா சத்தம் போடவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் பேச்சில் மரியாதை கூடிவிடும். "எல்லாரும் அவுங்கவுங்க கத்தியக் கொண்டாந்து மேச மேல வையுங்க" என்றார். ஆட்கள் ஆணியிலிருந்த சட்டைகளைத் துழாவினார்கள். மேசைமேல் கத்திகள் வரிசையாக வந்தன. மேஸ்திரி குனிந்து பார்த்துவிட்டு, அட்டைப்பெட்டி மடிக்கும் வயதான ஒருவருடைய பேனாக்கத்தியைத் தொட்டு, "இதாத்தானுங்க இருக்கும்" என்றார். அந்த முதியவர் கையெடுத்துக் கும்பிட்டார். வேடிக்கை பார்ப்பவனைப் போல வாசலில் நின்றிருந்த என்னை அப்பா பார்த்தார். "நம்ம பையனக் கேப்போம். அவன் கத்தி சாத்திரமே படிச்சிருக்கறான்" என்றார்.

இங்கேதான் நான் உண்மையை எழுத வேண்டும். பயம் இருந்தது; அதை மறைக்கவில்லை. ஆனால் என்னைப் பேசவைத்தது பயமல்ல. மேஸ்திரி தவறான கத்தியைச் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. அந்த முதியவர்மேல் இரக்கப்பட்டேன் என்று பின்னாளில் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன், அதுவும் பொய்தான். தெரிந்தவன் நான் என்ற திமிர், அவ்வளவுதான்.

"அது இல்லீங்கப்பா" என்றேன். துணி மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்தேன். வெட்டு நேராகப் போயிருந்தது. ஆனால் எல்லா மடிப்பிலும் ஒரே இடத்தில் ஓர் இழை இழுபட்டு, அங்கிருந்து ஏணிபோலப் பின்னல் பிரிந்திருந்தது. "வாயில பல்லு விழுந்த கத்திதான் இப்பிடி இழுக்கும். அந்தப் பேனாக்கத்தியில பல்லு இல்லை, பாருங்க."

"அப்ப எது கண்ணு?"

நான் விரலை நீட்டினேன்.

அப்பா பொத்தானை அழுத்தினார். வெட்டின்மேல் அலகை வைத்துப் பார்த்தார். பல்லும் இழையும் பொருந்தின. அறையில் யாரோ, "பையன் பலே ஆளுதானுங்க" என்றார்கள்.

"கத்தி என்னதுதான் மொதலாளி" என்றார் யேசுவடியான். "ஆனா நான் வெட்டலை."

"கத்தி தானா எந்திரிச்சுப் போயி வெட்டிப்போட்டு வந்து பையில படுத்துக்கிச்சாங்க?"

சிலர் சிரித்தார்கள். அவர் சிரித்தவர்களைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். வேறு யார் அந்தக் கத்தியைத் தொடுவார்கள் என்று அவருக்குத் தெரியாதா? வாயைத் திறப்பார் என்று காத்திருந்தேன். திறந்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன் என்றுகூட இப்போது நினைக்கிறேன். அவர் திறக்கவில்லை.

"நாளையிலிருந்து நீங்க வர வேண்டாமுங்க. அத இங்கயே வெச்சுட்டுப் போங்க" என்றார் அப்பா.

யேசுவடியான் சட்டையைப் போட்டுக்கொண்டார். மேசையிலிருந்து கத்தியை எடுத்து மடக்கினார். அதைத் திரும்ப மேசைமேல் வைக்கவில்லை. வாசலுக்கு வந்து, என் வலக்கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"எண்ணெ போட்டு வச்சுக்கிடுங்க தம்பி" என்றார்.

அவ்வளவுதான். ஒரு முதலாளி வேண்டாம் என்ற ஆளை ஊரில் இன்னொருவர் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. அவர் ஊருக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள்.

நான் படித்தேன், கல்லூரியில் வரலாறு நடத்தினேன். கத்தி சேர்ப்பது மட்டும் விடவில்லை. இன்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் கைபேசியில் படம் அனுப்பி, "இது எந்தக் காலத்துக் கத்தி?" என்று கேட்கிறார்கள். முத்திரையைப் பார்த்து ஊரைச் சொல்கிறேன், ஆணியைப் பார்த்துக் காலத்தைச் சொல்கிறேன், தேய்மானத்தைப் பார்த்து வலக்கைக்காரரா இடக்கைக்காரரா என்றுகூடச் சொல்கிறேன். "உங்க கண்ணுக்குத் தப்பாதுங்க" என்று எழுதுகிறார்கள். அந்தப் பாராட்டை முதன்முதலில் வாங்கிய இடம் நினைவுக்கு வரும். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை உடன்குடிப் பக்கம் தேடிப் போனேன். கத்தி என் பையில் இருந்தது. கோயில் தெருவில் விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று திருப்பூர் வராமல் போன அந்த மகள், ஞானப்பூ, நரைத்த தலையோடு வாசலுக்கு வந்தார். அப்பா உப்பளத்தில் வேலை செய்ததாகவும், வெள்ளை உப்பில் வெயிலைப் பார்த்துப் பார்த்துக் கடைசிக் காலத்தில் கண் தெரியாமல் போனதாகவும் சொன்னார். நான் யார் என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்கப்பா சொல்லுவாவ. மொதலாளி மவன் ஒரு தம்பி, கத்தின்னா அவனுக்கு உசுரு, வரும்போது எங்கத்திய அவனுக்குக் குடுத்துட்டு வந்தேன்னு. அது நீங்கதானா?"

"திருப்பூரை விட்டு ஏன் வந்தேன்னு சொன்னாரா?" என்று கேட்டேன்.

"தண்ணி ஒத்துக்கிடலையாம்லா" என்று சொல்லிவிட்டு, கருப்பட்டிக் காப்பி போட உள்ளே போனார்.

அந்தக் காப்பியைக் குடித்தேன். பையிலிருந்த கத்தியை எடுக்கவில்லை. அவர் அப்பாவின் பொய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பஸ் ஏறினேன். சிறுவனாகச் செய்ததைவிட இது பெரிய குற்றம். அப்போது எனக்கு அறுபது வயது.

எங்கள் கம்பெனியை இப்போது என் மகன் நடத்துகிறான். ஆணி அடித்த சுவர் இல்லை, வேப்பமரம் இல்லை. துணிக்கட்டு சணலில் வருவதில்லை. வெட்டு மேசையில் மின்கத்தி ஓடுகிறது, அதைச் சுற்றி இந்தி கேட்கிறது. ஆனால் கேட்டில் சோதனை இருக்கிறது. உள்ளே போகும் ஆட்கள்மேல் காவலாளி உலோகம் காட்டும் கருவி ஒன்றைத் தடவுவார். அது கூவினால் பையைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். உடன்குடி போய் வந்ததிலிருந்து, வெளியே கிளம்பும்போது கத்தியை இழுப்பறையிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொள்வது எனக்குப் பழகிப்போனது. நான் நுழையும்போது கருவி கூவும். காவலாளி சிரித்துக்கொண்டே, "நீங்க போங்க சாமி, உங்களுக்கெல்லாம் எதுக்குங்க" என்பார். எனக்குப் பின்னால் நிற்கும் ஒடிசாப் பையன் சீப்பையும் சாவியையும் எடுத்துக் காட்டிக்கொண்டிருப்பான். பல நாள் அப்படித்தான் போனேன்.

போன வாரம் அப்படிப் போகவில்லை. நின்று, கத்தியை எடுத்துக் காவலாளியின் மேசைமேல் வைத்தேன். அவர் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"பழசுங்களாட்டம் இருக்குது. யாருதுங்க சாமி?"

"கத்தி யேசுவடியான் அண்ணாச்சியுது" என்றேன். "வெட்டுனது நானு."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. "சரிங்க சாமி" என்று சொல்லி, பணிவோடு இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"கையில வேண்டாமப்பா. கீழ வையி" என்றேன்.

வைத்தார். எடுத்துக்கொண்டேன். உடன்குடிக்கு மறுபடியும் பஸ் ஏறப் போகிறேன். இம்முறை காப்பி வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அதன்பிறகு கத்தியை ஞானப்பூவின் எதிரில் கீழே வைப்பேன். எடுப்பதும் எடுக்காததும் அவர் விருப்பம்.