கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிற வேலை

காலை எட்டு மணி. மேசையில் ஒரு துண்டு பாண், பக்கத்தில் நோர்வேக்காரரின் பழுப்புச் சீஸ், அதைச் சீவும் கத்தி. மூளையில் இரத்தம் கசிந்து இடப்பக்கம் தளர்ந்துபோன ஒரு முதியவர் அந்தச் சீஸைச் சீவிப் பாணில் வைக்கப் பார்க்கிறார். அது மேசையில் விழுகிறது, மடியில் விழுகிறது, நிலத்தில் விழுகிறது. நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நிற்கிறேன். குனிந்து எடுத்துக்கொடுக்க ஒரு நொடி போதும். எடுக்கக் கூடாது. நாற்பது நிமிடம் கழித்து அவர் முதல் கடி கடிக்கும்போது நான் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதுகிறேன். இதற்குத்தான் இந்த நாட்டில் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

இங்கே இதற்கு எர்கோதெரப்பி என்று பெயர். தமிழில் தொழிற்சிகிச்சை என்று எழுதுகிறார்கள். அடிபட்ட மூளையோடு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு உடுக்கவும் உண்ணவும் தேத்தண்ணி போடவும் கடைக்குப் போய்வரவும் மறுபடி பழக்குவது. நான் அதில் உதவியாளர். பெயர்தான் உதவியாளர், உதவி செய்தால் ஏச்சு விழும். சேர்ந்த முதல் கிழமை, ஒரு மனுசன் அவித்த முட்டையை உரிக்க முடியாமல் திண்டாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் நானே உரித்துக் கொடுத்துவிட்டேன். பொறுப்பாளர் இங்கெர் என்னைத் தனியே கூப்பிட்டு, "நீ அவருடைய காலைச் சாப்பாட்டை அவரிடமிருந்து எடுத்துவிட்டாய்" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன், அந்த முட்டையில் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை என்று என் அரைகுறை நொஷ்க் மொழியில் சத்தியம் பண்ணினேன். அவள் சிரிக்கவுமில்லை. கையைப் பின்னால் எப்படிக் கட்டுவது என்று நின்று காட்டினாள். எங்கள் ஊரில் சோதனை மண்டபத்தில் வாத்தியார்மார் மட்டும்தான் அப்படி நிற்பார்கள்.

ஒன்பது வருடமாக யாரோ பெற்ற பிள்ளைகளுக்குப் பக்கத்தில் அப்படி நிற்கிறேன். ஊரில், ஆரையம்பதியில், என் தம்பிக்குப் பக்கத்தில் ஆறு கிழமை நின்றேன். அதைத்தான் எழுத வந்தேன்.

தம்பி சுதன் தண்ணீர் மோட்டர் திருத்துகிறவன். வயல் வட்டைகளில் எவருடைய மோட்டர் மூச்சை விட்டாலும் அவனுக்குத்தான் அழைப்பு வரும். மூன்று வருடத்துக்கு முன் வேலை முடிந்து கல்லடிப் பக்கமாக மோட்டார் சைக்கிளில் வரும்போது ஒரு வான் தட்டியது. ஹெல்மெட் ஹாண்டிலில் தொங்கிக்கொண்டிருந்தது. உயிரைப் பிடித்துத் தந்த டொக்டர்மாரை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன். காலுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள், நடக்கிறான். ஆனால் வலக்கை மந்தம். அதைவிடப் பெரிய கேடு, ஒரு வேலையில் எது முதல், எது பிறகு என்பது அவன் மண்டையில் நிற்பதில்லை. வீட்டோடு வந்திருந்து அதைப் பழக்க அங்கே ஆளில்லை. நான்தான் இருக்கிறேனே என்று இரண்டு வருட விடுமுறையைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போனேன்.

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து சேர்கிறவன். ஆகவே அது சுதனின் மனைவி ஜெயந்தியின் வீடு. அவளும் அவளுடைய தாயும் அங்கே இருக்கிறார்கள், நான் விருந்தாளி. முதல் நாள் காலை பார்த்தேன். ஜெயந்தி அவனுக்குப் பல் தீட்டிவிட்டாள், சோறூட்டினாள், சாரத்தை முடிந்துவிட்டாள். பிறகு ஓடிப்போய்க் காத்தான்குடிக்கு பஸ் ஏறினாள். அங்கே ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நிற்கிறாள். அவளைப்போல ஒரு பெண் கிடைக்கக் கொடுத்துவைக்க வேண்டும் என்று ஊரே சொல்கிறது. உண்மைதான். அந்த உண்மைக்குள் என் தம்பி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"உனக்கு என்னடா செய்ய விருப்பம்?" என்று கேட்டேன். வேலையில் முதல் நாள் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி.

"சேட்டப் போட்டுட்டு சந்திக்குப் போகணும். தனிய."

"பெனியனோட போனா என்ன?"

"பெனியனோட போக நான் என்ன வருத்தக்காரனா?"

மூன்று வருடமாக வருத்தக்காரன்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனேயே நின்றும்விட்டது. ஆகவே சேட்டுத்தான் என்று முடிவு. ஐந்து பொத்தான், ஆறு கிழமை.

ஜெயந்தி பஸ் ஏறியபிறகு தொடங்குவோம். எந்தக் கை முதல், எந்தக் கை பிறகு என்று ஒரு மட்டையில் படம் கீறிச் சுவரில் ஒட்டினேன். கட்டிலில் உட்கார்ந்து அவன் போராடுவான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். முதல் கிழமை ஒரு பொத்தானுக்கு இருபது நிமிடம் போனது. வேர்த்துக் கொட்டும், தூஷணம் பேசுவான், சேட்டைச் சுருட்டி எறிவான். எடுத்துக் கொடுக்க மாட்டேன், அவனே போய் எடுப்பான். மாமி, அதாவது ஜெயந்தியின் தாய், குசினி வாசலில் நின்று பார்ப்பா. ஒருநாள் பக்கத்து வளவுக்காரியிடம் எனக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னா: "அந்தப் புள்ள படுற பாட்டப் பாத்துக்கிட்டு நிக்கிறா கா. கூடப்பொறந்தவதான். அங்கத்தக் குளிர் நெஞ்சையும் விறைக்க வச்சிரிக்கு." நான் கேட்காதவள்போல நின்றேன். நெஞ்சு விறைக்கவில்லை, கொதித்தது. அந்தக் கொதிப்போடு கையைக் கட்டி வைத்திருப்பது எவ்வளவு பாடு என்று அவவுக்கு யார் சொல்வது.

நாலாம் கிழமை ஐந்து பொத்தானும் போட்டான். அரை மணித்தியாலம். ஐந்தாம் கிழமை ஒரு வெள்ளிக்கிழமை சேட்டைப் போட்டு, சீப்பால் தலையை இழுத்து, படலையைத் தானே திறந்துகொண்டு சந்திக்குப் போனான். நான் வாசலில் நின்று அவன் முதுகைப் பார்த்தேன். வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோசம் எனக்கு வந்ததில்லை, எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

கால்மணித்தியாலத்தில் ஓட்டோ ஒன்று வந்து படலையில் நின்றது. சந்திக் கடைக்காரர் சுதனைக் கைத்தாங்கலாக இறக்கினார். மிக நல்ல மனுசன். கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார்.

"ஒரு வருத்தக்காரன இப்பிடித் தனிய ரோட்டுல விடலாமா? ரெண்டு பொம்புள வீட்டுல இரிக்கீங்க. என்னவும் நடந்தா?"

சுதன் நிலத்தைப் பார்த்தபடி, "தேத்தண்ணி கேட்டன். ஆத்தி வாயில வச்சுவிட்டாரு" என்றான்.

மாலையில் ஜெயந்தி வீடு வந்து சேருமுன்பே கதை பஸ்சில் வைத்து அவளுக்கு எட்டிவிட்டது. கைப்பையைக்கூட வைக்கவில்லை. நின்றபடியே அழுதாள்.

"மச்சி, நான் வேலைக்குப் போறதையே ஊர் கதைக்குது. இப்ப புருசன ரோட்டுல விட்டவ எண்டும் சொல்லிட்டாங்க."

"அவன் தனியாப் போனான் ஜெயந்தி. அதப் பாரு ஒள்ளம்."

"நான் பாக்கல்லையா? எனக்கு விருப்பமில்லையா? நீங்க கையப் பின்னால கட்டிட்டு நிக்க உங்களுக்கு அங்க சம்பளம் தாறாங்க. எனக்கு பஸ் நிக்காது மச்சி. ஏழரைக்கு விட்டா மறுகா எட்டரைக்கு. எட்டரைக்குப் போனா முதலாளி வேற ஆள வைப்பாரு. அரை மணித்தியாலம் சேட்டுக்கு, அரை மணித்தியாலம் சோத்துக்கு எண்டு நான் எங்க எடுக்கிற?"

மாமிக்குப் பதில் வைத்திருந்தேன், ஊருக்கு வைத்திருந்தேன். அவளுக்கு ஏதும் இல்லை.

கடைசி நாள். கொழும்புக்கு வான் பத்து மணிக்கு. ஜெயந்தி லீவு போட்டு எனக்கு இறால் கருவாடு கட்டிக்கொண்டிருந்தாள். சுதன் ஒன்பது மணிக்கே கட்டிலில் உட்கார்ந்து சேட்டை எடுத்தான். படலைவரை வந்து என்னை அனுப்ப வேண்டுமாம், சேட்டோடு. நான் வழமைபோல நின்றேன். பத்து மணிக்கு மூன்று பொத்தான் போட்டிருந்தான், மூன்றும் ஒரு ஓட்டை தள்ளி. ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி இருந்தது சேட்டு. பிழையை அவனாகக் கண்டுபிடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் வேலை. வான்காரர் ஹோன் அடித்தார். "அக்கா, பொலன்னறுவப் பக்கம் ரோட்டு வேல நடக்குது. இப்ப வெளிக்கிட்டாத்தான் சரி." சுதன் நாலாவது பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தான். மறுபடி ஹோன்.

குனிந்தேன். ஒரு மணித்தியாலமாக அவன் போட்ட மூன்று பொத்தானையும் கழற்றினேன். ஐந்தையும் ஒழுங்காகப் போட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. என் விரல் பட்டதுமே அவன் இரண்டு கையையும் கீழே போட்டுவிட்டு நாடியை உயர்த்திக் கொடுத்தான்.

"கெதியா முடிஞ்சிற்று, என்னக்கா" என்றான்.

குத்திச் சொல்லவில்லை. அடிபட்டபிறகு அவனுக்குக் குத்திப் பேச வராது. ஜெயந்தி கருவாட்டுப் பொதியோடு அறை வாசலில் நின்றாள். அவள் ஏதும் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லி ஆறியிருப்பேன்.

படலையில் வைத்து அவனைப் படம் எடுத்தேன். வெள்ளைச் சேட்டு, ஐந்து பொத்தானும் நேர். வேலைக்குத் திரும்பிய அன்று இங்கெர் தம்பியைப் பற்றி விசாரித்தாள், படத்தைக் காட்டினேன். அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "தானாகவே போட்டாரா?" என்று கேட்டாள். "யா" என்றேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். அடுத்த அறையில் ஒருவர் காலுறையோடு எனக்காகக் காத்திருந்தார், அவருக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கியிருந்தது. இந்த நாட்டில் என் பொய்யை நம்புகிறார்கள். ஜெயந்தியிடம் அதே பொய்யைச் சொல்ல முடியாது, அவள் வாசலில் நின்று பார்த்தவள்.