போர்வை போர்த்திய கறிக்குண்டான்

உணவுப் பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்கிறவன் முதலில் மறக்க வேண்டியது தன் மூக்கைத்தான். குழம்பை மோந்து பார்த்து, நல்லாத்தானே இருக்கு என்று சாப்பிட்டுவிட்டு, அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். வெட்கப்படாதீர்கள், நானும் உங்கள் கட்சிதான்.

மணக்க மணக்க வந்த சாம்பிள்

தெப்ராவில் இருக்கும் எங்கள் கூடத்துக்கு ஒரு காலையில் ஸ்டெல்லா அக்கா வந்தார். பக்கத்து ஊரான மாசாயில் வீட்டோடு சமையல்கூடம் வைத்து, ஒரு தொழிற்சாலைக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறவர். முந்தின நாள் அவருடைய ஆட்டுக்கறிப் பிரட்டலைச் சாப்பிட்ட பலருக்கு வயிற்றுவலி, பேதி. தொழிற்சாலை மேனேஜர் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்தி, நல்ல ரிப்போர்ட்டோடு வந்தால் பார்க்கலாம். இல்லாவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார். அக்காவோடு சமைக்கும் மூன்று பெண்களின் பிழைப்பும் அதில்தான் இருந்தது.

மீதிக் கறியை டிபன் கேரியரில் கொண்டுவந்திருந்தார். திறந்ததும் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள், அப்படி மணந்தது. நான் கையுறை மாட்டிக்கொண்டு அதைப் பையில் அள்ளுவதே அவருக்கு அவமானமாக இருந்தது. "ரெண்டு மணி நேரம் கொதிச்ச கறி தம்பி. இதுல எந்தக் கிருமி உயிரோட இருக்கும், சொல்லுங்க?"

காற்று வேண்டாத ஆசாமி

எனக்கு அப்போதே ஒரு ஆசாமி மேல் சந்தேகம். பெயர் குளோஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ். பச்சைக் கறியிலேயே தடித்த ஓட்டுக்குள் விதை மாதிரி சுருண்டு கிடக்கும். கொதித்தாலும் அசையாது. சூடு இறங்கி இதமானதும் முளைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டிரண்டாகப் பெருகும். கறியின் மணமும் மாறாது, ருசியும் மாறாது.

காற்றுப் பட்டால் மட்டும் வளராது. அதனால் பரிசோதனைத் தட்டுகளை ஒரு ஜாடிக்குள் வைத்து, ஆக்சிஜனை உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைப் போட்டு இறுக மூடினேன். மறுநாள் தட்டு முழுக்க மிளகு தூவியது போலக் கரும்புள்ளிகள். அடுத்தடுத்த சோதனைகளும் அவனேதான் என்றன. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார். "காத்தே வேணாம்னு ஒரு உயிரு. எங்க வீட்டுல அதுக்கு எங்க தம்பி இடம் கெடைச்சது?"

குண்டானுக்குப் போர்வை

அதைப் பார்க்க விடியற்காலையில் மாசாய்க்கே போனேன். முதல் நாள் சாயங்காலம் வழக்கம்போலச் சமைத்து வைக்கச் சொல்லியிருந்தேன். சமையல்கூடம் பளிச்சென்று இருந்தது. மூலையில் பெரிய குண்டான் ஒன்று, கம்பளிப் போர்வை சுற்றி, மேலே சாரோங் கைலியால் முடிச்சுப் போட்டு, குளிர்காய்ச்சல்காரர் போல உட்கார்ந்திருந்தது. அக்காவின் கணவர் சேவியர் அண்ணனின் ஏற்பாடு. இப்படிக் கட்டினால் விடியும்வரை சூடு நிற்கும், காலையில் லேசாகச் சூடுகாட்டி அனுப்பிவிடலாம் என்று பெருமையோடு விளக்கினார்.

நடுக்கறியில் தெர்மாமீட்டரை விட்டேன். நாற்பத்தைந்து டிகிரி. அந்தக் கிருமிக்கு இதைவிடச் சொகுசான சூடு கிடையாது; அடிக்கறியில் காற்றும் கிடையாது. சொன்னபோது எனக்கே பாவமாக இருந்தது. அண்ணன் போர்வையை அவிழ்த்து மெல்ல மடித்தார். "அப்போ நாந்தான் லா அதுக்குப் போத்திவிட்டு வளத்திருக்கேன்."

கேன்டீனில் ஒரு தட்டு

அதற்குப் பிறகு கறி வெந்து இறங்கியதும் தாழ்வான டிரேக்களில் பரப்பி, சீக்கிரம் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்தார்கள். காலையில் மறுபடி தளதளவென்று கொதி. அடுத்த சாம்பிளில் ஒரு புள்ளிகூட இல்லை. தயக்கமே இல்லாமல் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் அந்த ரிப்போர்ட்டை கேன்டீன் சுவரில் ஒட்டினார்.

சாப்பாடு மறுபடி தொடங்கிய அன்று அக்கா என்னையும் கூப்பிட்டார். போனால், எல்லாரும் பருப்பும் காய்கறியும் வாங்கிக்கொண்டு ஆட்டுக்கறியைத் தாண்டிப் போகிறார்கள். அக்கா கரண்டியால் கறியைக் கிளறிக்கொண்டே நின்றார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. தட்டை நீட்டி, நிறைய வைக்கச் சொல்லி, நடு மேசையில் உட்கார்ந்து வழித்துச் சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் வாங்கப் போனபோது கறிக்கு எனக்கு முன்னால் வரிசை நின்றது. என் முறை வந்ததும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ரிப்போர்ட்ட யாரும் படிக்கல தம்பி. உங்க தட்டத்தான் பாத்தாங்க."

இத்தனை வருடம் கிருமிகளை எண்ணி எண்ணி நான் போட்ட கையெழுத்தைவிட, என் வயிறு போட்ட கையெழுத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.