சிங்கம் திரும்பிப் பார்த்தது

எங்கள் தாமுவே பகுதி டீக்கடைகளில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியதில்லை. உதட்டைக் குவித்து, முத்தம் கொடுப்பதுபோல் இரண்டு தடவை சத்தம் எழுப்பினால் டீ வந்துவிடும். ரங்கூன் முழுக்க அதுதான் வழக்கம். எனக்கு அது கூச்சம். என் வீட்டுக்காரருக்கோ நாற்பது வருடப் பழக்கம்.

தென்னாப்பிரிக்காவில் வேலை பார்க்கும் மகள், போன வருடம் எங்களை அங்கே ஒரு தனியார் வனவிலங்குக் காப்பகத்துக்கு அழைத்துப் போனாள். விடிகாலைக் குளிரில் திறந்த ஜீப். இவர் லுங்கிக்கு மேல் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்தடி தள்ளி ஒரு பெண்சிங்கம் தூங்கிக்கொண்டிருந்தது. எழுந்து நிற்கக்கூடாது, சத்தம் போடக்கூடாது என்று வழிகாட்டி முன்பே சொல்லியிருந்தார். நாங்கள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தோம்.

அந்த நேரம் பார்த்து, வழிகாட்டியின் காலடியில் இருந்த டீ ஃபிளாஸ்க் இவர் கண்ணில் பட்டது. உதடு தானாகக் குவிந்து கூப்பிட்டுவிட்டது.

சிங்கம் தலையைத் தூக்கி நேராக இவரைப் பார்த்தது. நான் இவர் வாயைப் பொத்தினேன்.

"அப்பா, சும்மா இருங்களேன்!" மகள் அழாத குறையாகக் கிசுகிசுத்தாள்.

சிங்கம் கொட்டாவி விட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது. விடுதிக்குத் திரும்பும்வரை இவரை நான் திட்டித் தீர்த்தேன்.

ஊர் திரும்பியதும் டீக்கடைக்குப் போனோம். சரியான கூட்டம். இவர் மூன்று தடவை கூப்பிட்டும் ஒருவரும் திரும்பவில்லை.

"சிங்கமே ஒரு தடவையில திரும்பிச்சு" என்று முணுமுணுத்தார்.

பாவமாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக நான் உதட்டைக் குவித்துக் கூப்பிட்டேன்.

சட்டென்று திரும்பிப் பார்த்தவர் இவர் மட்டும்தான்.