புள்ளி தெரியாத சுகர் மெஷின்

கல்லூரி முடித்த கையோடு மேற்குத் தாம்பரத்தில், மருத்துவக் கருவிகள் விற்கும் கடை ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. எல்லோர் கையிலும் செல்போன் வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. பிரஷர் மெஷின், சுகர் மெஷின், சக்கர நாற்காலி எல்லாம் விற்போம். பில் போடுவதும், வாரன்டி கார்டுகளை நிரப்பி அடுக்குவதும், கம்பெனிகளிலிருந்து வரும் கடிதங்களை ஃபைலில் வைப்பதும் என் வேலை. இதில் கடிதத்தில்தான் கோட்டை விட்டேன்.

‘முக்கியமான தயாரிப்புத் தகவல்’ என்ற தலைப்போடு ஆங்கிலத்தில் வந்திருந்தது அந்தக் கடிதம். முதல் பத்தி முழுக்கத் தங்கள் தரத்தைத் தாங்களே மெச்சிக்கொண்டிருந்தார்கள். விளம்பரம்தானே என்று கேட்லாக் ஃபைலில் செருகிவிட்டேன். பத்து நாள் கழித்து கம்பெனிக்காரர் போனில் கேட்டார்: “எத்தனை மெஷின் திரும்பி வந்துருக்கு மேடம்?”

கடிதத்தைத் தேடி எடுத்து மூன்றாவது பத்தியைப் படித்தேன். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை நாம் நூறு, நூற்றிருபது என்று சொல்கிறோம். சில வெளிநாடுகளில் வேறு அளவு. நம்முடைய எண்ணைப் பதினெட்டால் வகுத்தால் அவர்களுடையது வரும். ஒரே மெஷினில் இரண்டு அளவும் உண்டு. எங்களுக்கு வந்த தொகுப்பில், பேட்டரி மாற்றும்போது மெஷின் தானாகவே வெளிநாட்டு அளவுக்குத் தாவிவிடுமாம். ஆகவே எல்லா மெஷின்களையும் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு கொடுக்க வேண்டும். இதற்கு ‘ரீகால்’ என்று பெயர்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். “எத்தனை வித்துருக்கோம்?”

“முப்பத்தொண்ணு சார்.”

“லெட்டர் எப்ப வந்துச்சு?”

“பத்து நாள் முன்னாடி சார்.”

அவர் திட்டவில்லை. போனை என் பக்கம் நகர்த்தி வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

முப்பத்தொரு வாரன்டி கார்டுகளையும் முன்னால் பரப்பிக்கொண்டு போன் செய்தேன். பாதிப் பேர் நான் கிரெடிட் கார்டு விற்கிறேன் என்று நினைத்து வைத்துவிட்டார்கள். கோவளத்தில் மீன் விற்கும் ஓர் அக்கா மட்டும் பொறுமையாகக் கேட்டார். “ரீகால்னா இன்னாமா? நீ திரும்ப கால் பண்ணுவியா, நான் பண்ணணுமா?”

“இல்லக்கா, மெஷினை நீங்க திருப்பிக் குடுக்கணும். புதுசு தருவோம்.”

“நல்லாத்தான வேலை செய்யுது? அதுக்கின்னா கேடு?” என்றவர், மறுநாளே பஸ் ஏறி வந்து மெஷினை மேஜைமேல் வைத்தார். கடை முழுக்க ஏ.சி. காற்றில் நெத்திலி வாசம் வந்தது. முதலாளி மூச்சைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

ஒருவர் மட்டும் தருவதாகவே இல்லை. பொழிச்சலூரில் இருந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மூன்று முறை போன் செய்தும் ஒரே பதில்: “ஏம்மா, என் மெஷின் பர்ஃபெக்டா இருக்கு. ஈஸ்டர்லேர்ந்து சுகர் கன்ட்ரோல்ல இருக்கு. இதை எதுக்கு நான் குடுக்கணும்?”

நான்காவது நாள் புது மெஷினை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் நேரிலேயே போனேன். விமானம் தலைக்கு மேல் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு, போனதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடரும் பழக்கம் அந்தத் தெருவுக்கே இருந்தது. வாத்தியார் சாரும் அப்படித்தான். பீரோவிலிருந்து ஒரு வரைபடத் தாளை எடுத்து மேஜையில் விரித்தார். தினமும் காலையில் எடுத்த சர்க்கரை அளவு, பென்சிலில் குட்டிக் குட்டிப் புள்ளிகளாக இருந்தது. ஈஸ்டர் வரை மேலும் கீழுமாக அலைந்த கோடு, அதற்குப் பிறகு நூற்றுப் பத்துக்கும் நூற்று முப்பதுக்கும் நடுவில் சமர்த்தாகப் போனது.

“பார்த்தியா? மாத்திரையைக்கூடப் பாதியாக்கிட்டேன்.”

“ஈஸ்டர் சமயத்துல பேட்டரி மாத்துனீங்களா சார்?”

“ஆமா. உனக்கு எப்படித் தெரியும்?”

மெஷினைக் கொடுங்கள், இப்போதே பார்த்துவிடலாம் என்றேன். விரலைக் குத்தி, ஸ்ட்ரிப்பில் ரத்தம் தொட்டு, வந்த எண்ணை எனக்குப் பெருமையாகக் காட்டினார். “நூத்திப் பதினெட்டு.”

திரையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். இரண்டாவது ஒன்றுக்கும் எட்டுக்கும் நடுவில், எறும்பின் தலையளவுக்கு ஒரு புள்ளி. பதினொன்று புள்ளி எட்டு. புது மெஷினில் பார்த்தால் இருநூற்றுப் பன்னிரண்டு.

“உன் மெஷின்தான் ரிப்பேர்” என்றார் சார் சட்டென்று.

அதுவரை சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவி, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். “எனக்குத்தான் சுகரே இல்லையே. என்னைப் பாரும்மா.” புது மெஷின் தொண்ணூற்று நான்கு என்றது. பழையதில் வந்ததை சார் வாசித்தார்: “அம்பத்திரண்டு.”

“அம்பத்திரண்டா? அப்ப நான் இந்நேரம் மயங்கி விழுந்திருக்கணுமே. உங்களுக்குப் பூரி உருட்டிக்கிட்டுல்ல இருக்கேன்!”

சார் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு திரையை மூக்குக்கு நேரே பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். தலைக்கு மேல் ஒரு விமானம் போய் முடிந்தது.

“புள்ளி இருக்கு” என்றார் மெதுவாக.

அந்த அம்மாவுக்கு அது போதுமாயிருந்தது. “முப்பத்தஞ்சு வருஷம் ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் தசமப் புள்ளி விட்டுட்டன்னு மார்க்கைக் குறைச்சீங்களே! ரெண்டு வீடு தள்ளியிருக்கிற பையன் இன்னும் உங்களைப் பார்த்தா ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போறான்!” சிரித்தபடியேதான் சொன்னார். ஆனால் சிரிப்பு நின்றதும் குரல் மாறிவிட்டது. “கால் விரல்ல ஒரு புண்ணு, மூணு வாரமா ஆறலம்மா. சுகர்தான் நார்மலா இருக்கே, செருப்பு கடிச்சதுன்னு சொல்லிட்டிருக்காரு.”

சார் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

நான் அந்தப் பத்து நாளையும் மறைக்கவில்லை. கடிதம் என்றைக்கு வந்தது, அதை எங்கே செருகினேன் என்று சொல்லிவிட்டேன். சார் என்னை உற்றுப் பார்த்தார். வகுப்பில் எழுந்து நின்றது போலிருந்தது. “நீ லெட்டரைப் படிக்கல. நான் நம்பரைப் படிக்கல” என்றார். “சரி, டாக்டர்கிட்ட போகணும். நீ போற வழியில இறக்கி விடறியா?”

ஸ்கூட்டியின் பின்னால், மடித்த வரைபடத் தாளும் கையுமாக பம்மல் வரை வந்தார். வழி நெடுக, அந்த அளவை இந்த அளவாக மாற்றுவது எப்படி என்று என் காதில் கத்திக்கொண்டே வந்தார். டாக்டர் விரலைப் பார்த்துவிட்டு, இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் பேச்சே வேறு என்றாராம். மாத்திரை பழையபடி முழுசாயிற்று, தினமும் கட்டு மாற்றினார்கள், பூரி நின்றுபோனது. ஒரு மாதத்தில் புண் ஆறியது.

டாக்டரிடம் போன அவசரத்தில் விட்டுவந்த பழைய மெஷினை வாங்கப் போன அன்று, சார் ரசீது கேட்டார். ஈஸ்டருக்குப் பிறகான புள்ளிகள் ஒவ்வொன்றையும் பத்தால் வகுத்து, பதினெட்டால் பெருக்கித் திருத்திப் போட்டுக்கொண்டிருந்தார். கோடு தாளின் மேல் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டதால் இன்னொரு தாளை மேலே ஒட்டியிருந்தார். அந்த அம்மா அதை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

முப்பத்தொன்றில் இருபத்தொன்பது திரும்பி வந்தன. மீதி இரண்டில் ஒருவர் குன்றத்தூரில் வீடு மாறிப் போய்விட்டார். தேடிப் போனபோது பக்கத்து வீட்டாருக்கும் விலாசம் தெரியவில்லை. இன்னொரு கார்டில் போன் நம்பரில் ஓர் எண் குறைந்திருந்தது. அந்தக் கார்டை நிரப்பியதும் நான்தான். கடைசி எண்தான் விட்டுப்போயிருக்கும் என்று பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எடுத்தவர்கள் யாருக்கும் சுகர் இல்லை. ஒருவர் மட்டும், விசாரித்ததற்கு ரொம்ப நன்றி என்றார்.